அவர் ஃபைல் இருந்த இடத்தில் அம்பி ஃபைல்

மூத்த பேரன் அம்பி என்ஜினீயரிங்கில் முதல் வகுப்பு, மிருதங்கத்தில் முதல் பரிசு. பேத்தி லதாவுக்குப் படிக்கும்போதே வேலை கிடைத்துவிட்டது. எல்லாம் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு ஃபைலாக நானே டைப் அடித்து வைத்திருக்கிறேன்.

ஆத்துக்காரருக்கும் ஒன்று உண்டு, ஒத்துக்கொள்ளாத மருந்துகளைக் குறித்து வைக்க. அவர் பேரை நான் எழுதுவேனா? கூப்பிடுகிற மாதிரியே 'ஏன்னா' என்று வைத்திருந்தேன். அம்பிக்கும் நிஜப்பேர் தாத்தா பேர்தான், அதனால் அவன் ஃபைலும் 'அம்பி'.

"இதெல்லாம் ஒரு பேரா பாட்டி?" என்று லதா இன்று காலையில் எல்லாவற்றுக்கும் முழுப்பேர் வைத்து ஒரே இடத்தில் அடுக்கினாள்.

மத்தியானம் கரமனையில் மலையாளம் கலந்து பேசும் டாக்டரிடம் போனோம். இவருக்கு இருமல்.

"முன்பு ஏது மருந்திலே இவருக்கு அலர்ஜி வந்தது, அம்மா?"

எனக்கு நினைவில்லை. ஆத்துக்குப் போன் போட்டு, டாக்டரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"லதா, தாத்தா ஃபைலைப் படிடீ."

"என்ஜினீயரிங் முதல் வகுப்பு. மிருதங்கத்தில் முதல் பரிசு."

"எனக்கா?" என்றார் இவர், இருமலுக்கு நடுவில்.

"அது அம்பியோடதுடீ! தாத்தாவோடது எங்கே?"

"ஐயோ பாட்டி, ஒரே பேர்ல ரெண்டு இருக்கு, பழசை எடுத்துட்டுப் புதுசை வைக்கட்டுமான்னு கேட்டது. ஆமான்னு அமுக்கிட்டேன்."

பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடிக்கொண்டு வரும்வரை மாத்திரை கிடையாது, வெந்நீர்தான் என்றுவிட்டார் டாக்டர். இவருக்கு ஒரே சந்தோஷம்.

வாசல்வரை வந்து டாக்டர் கேட்டது மருந்தைப் பற்றி இல்லை. "எங்களுக்கும் கல்யாணத்துக்கு ஒரு பெண் உண்டு. அந்த மிருதங்கக்காரனை ஒன்று காட்டுங்கள் அம்மா."

அம்பி, இதைப் படித்ததும் உடனே ஒரு புதுப் போட்டோ அனுப்புடா.