காணாமல் போன தசமப் புள்ளி

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடநூல் அச்சிடும் கூடத்தில் எல்லாம் அவள்தான். கணினியும் அவள், காகிதமும் அவள், இயந்திரம் மக்கர் செய்தால் திட்டு வாங்குவதும் அவள். அச்சானதைத் தடவிப் பார்த்துப் பிழை பிடிப்பது அவளுடைய தம்பி. அவனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வாய் மட்டும் நாலு ஆளுக்கு இருக்கும்.

"அக்கா, இரண்டு புள்ளி அஞ்சு மில்லி மருந்து இருபத்தஞ்சு ஆயிடுச்சு. இந்த நோயாளி தேறமாட்டான்."

கணக்குப் புத்தகத்தில், வரியின் கடைசியில் வந்த எண்களில் மட்டும் தசமப் புள்ளி காணாமல் போயிருந்தது. எழுத்தை, தொட்டுப் படிக்கும் பிரெயிலாக மாற்றும் மென்பொருள் செய்த வேலை அது. அதே புத்தகத்தை அதே மென்பொருளை வைத்து இன்னும் பல கூடங்கள் அச்சிடவிருந்தன. பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது. இவள் கணினியில் மட்டும் சரிசெய்தால் போதாது, மூலத்திலேயே திருத்தம் ஏறவேண்டும்.

அது திறமூல மென்பொருள். உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். எங்கெங்கோ இருக்கும் சிலர் தங்கள் சொந்த நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவள் தட்டுத்தடுமாறிப் படித்து, குற்றவாளி வரியைப் பிடித்து, திருத்தி அனுப்பினாள்.

ஆனால் அவள் திருத்தப் பயன்படுத்திய செயலி, உதவி செய்கிறேன் பேர்வழி என்று, எல்லா வரிகளின் இடைவெளிகளையும் மாற்றி வைத்திருந்தது. ஒரு வரித் திருத்தம் ஆயிரக்கணக்கான வரிகளாகப் போய் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"பதில் வராதுக்கா. தூக்கிப் போட்டிருப்பாங்க" என்றான் தம்பி.

வந்தது. மென்பொருளைப் பராமரிப்பவர் முதலில் நன்றி சொல்லியிருந்தார். திருத்தம் சரியானதுதான், ஆனால் மற்ற ஆயிரக்கணக்கான வரிகளிலும் இடைவெளிகள் மாறியிருக்கின்றன, அந்த ஒரு வரியை மட்டும் தனியாக அனுப்புங்கள்; இந்தப் பிழை மறுபடி தலைகாட்டாதபடி சோதிக்க ஒரு மாதிரிக் கணக்கும் சேர்த்து அனுப்புங்கள்; நான் எழுதுவதையும் இன்னொருவர் பார்த்த பிறகுதான் சேர்ப்போம், சங்கடப்படாதீர்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில், "தாமதத்துக்கு மன்னிக்கவும். எனக்குப் பார்வை இல்லை, கணினியோடு இணைத்த பிரெயில் பலகையில் விரலால்தான் படிக்கிறேன். பிரெயிலில் இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு என்பதால் எந்த வரியையும் தாண்டிப் போகவில்லை."

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரென்றே தெரியாத ஒருத்தியின் குளறுபடிக்கு இத்தனை பொறுமையா என்று மலைத்துப்போய், தம்பிக்கு வாசித்துக் காட்டினாள்.

"அத்தனையும் தடவியா பார்த்தாரு?"

"ஆமாண்டா."

அவன் விரல்நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டான். "எனக்கு ஒரு பாடத்துக்கே மரத்துப்போயிடும்" என்றான்.

அவள் அந்த ஒரு வரியை அனுப்பினாள், மாதிரிக்கு மருந்துக் கணக்கையும் சேர்த்து. பரீட்சைக்கு முன்பே மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. அதில் புதிதாக அச்சாகி வந்த தாளில் தம்பியின் விரல் வரிக் கடைசிவரை போய் நின்றது.

"இருக்குக்கா. இரண்டு புள்ளி அஞ்சு."

கையை எடுக்காமலே, "அவரும் இதே புள்ளியைத் தொட்டுப் பார்த்திருப்பாரு, இல்ல?" என்றான்.