வேம்புலி மேஜரான கதை

கோவில்பதாகை வேம்புலி எனக்கு மருமகன் முறை. என் சித்தி மகள் நாகவல்லியின் மூத்த பிள்ளை. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தான். துப்பாக்கி பிடித்ததைவிட சாக்பீஸ் பிடித்ததுதான் அதிகம். சிப்பாய்களுக்குக் கணக்கும் இந்தியும் சொல்லிக்கொடுத்த ஹவில்தார். ஊருக்குத் திரும்பி, பி.எட். முடித்து, பருத்திப்பட்டில் பரந்தாமன் நடத்தும் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்து, கடைசியில் பிரின்சிபாலும் ஆனான்.

பட்டாளத்தில் இருந்து வந்தவர் என்றால் மேஜர்தான் என்பது பரந்தாமனின் நினைப்பு. பள்ளி கேட்டின் பெயர்ப்பலகையில் அப்படியே எழுதிவிட்டார். மாற்றச் சொல்ல வேண்டும் என்று வேம்புலி நினைத்தான். நினைத்தபடியே பதினோரு வருஷம் போனது. மகள் அனுசுயாவின் கல்யாணப் பத்திரிகையிலும் மேஜர் ஏறியது. அதைப் பார்த்துத்தான் சம்பந்தி வீட்டார் மண்டபத்தைப் பெரிதாக்கினார்கள்.

போன வருஷம் பள்ளிக்குப் புது செக்யூரிட்டி வந்தார். முத்தாபுதுப்பேட்டை மணவாளன், ஓய்வுபெற்ற சுபேதார். வேம்புலியின் யூனிட்டிலேயே அவனுக்கு மேலே இருந்தவர். பட்டாளத்தில் மேலே இருந்தவர் ஓய்வு பெற்றாலும் மேலேதான்.

முதல் நாள் காலை மணவாளன் கேட்டைத் திறந்து நின்றார். ஆளைப் பார்த்ததும் வேம்புலியின் குதிகால்கள் தானாகச் சேர்ந்தன. கை தானாக நெற்றிக்குப் போனது. ஸ்கூட்டர் கீழே விழுந்தது.

"ஸ்டாண்டு போட்டுட்டு சல்யூட் அடிக்கக் கூடாதாப்பா?" என்றார் மணவாளன்.

மறுநாளும் கை நிற்கவில்லை. பிள்ளைகள் பார்த்தார்கள், பரந்தாமனும் பார்த்தார். வாட்ச்மேனுக்கு சல்யூட் அடிக்கிற மேஜர் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. குடியரசு தினத்தன்று அதையே மைக்கில் சொல்லி, மணவாளனைப் பேசக் கூப்பிட்டார்.

முன்வரிசையில் அனுசுயாவின் மாமனார் உட்கார்ந்திருந்தார். மணவாளன் வாயைத் திறந்தால் பதினோரு வருஷமும் போச்சு. வேம்புலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடிப்போய் அவனே மைக்கைப் பிடித்தான். பதற்றத்தில் ஊர்ப்பேச்சே வந்தது.

"நான் மேஜர் இல்ல. வெறும் ஹவில்தார். இவுரு சுபேதார், எனக்கு மேல கீறவரு."

பரந்தாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வாட்ச்மேனுக்காக தன்னையே எறக்கிக்கினாரு பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

கைதட்டல் அடங்க நேரமானது. சம்பந்தி மேடையேறி சால்வை போர்த்தினார்.

கீழே இறங்கியதும் மணவாளன் கேட்டார். "இன்னாத்துக்குப்பா ஒளறின? நான் ஜெய்ஹிந்து சொல்லிட்டு எறங்கியிருப்பேன்."

"யாரும் நம்பலியே சார்."

"நான் நம்புறேன். போ."

இப்போது பெயர்ப்பலகை புதிது. மேஜர் என்கிற எழுத்து முன்னைவிடப் பெரிது. வேம்புலி தினமும் அதன் கீழே ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு சல்யூட் அடிக்கிறான். மணவாளன் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்கிறார்:

"முழங்கை எறங்குது, ஹவில்தார்."