நீல லோரியைப் பார்த்தவர்கள்

போன வாரம் பீடோங்கில் பீசாங் கோரெங் வாங்க நின்றேன். வாழைப்பழம் பொரிகிற வாசம் மூக்கில் ஏறியதும் கண் தானாகக் கடையின் மேல்மாடியைப் பார்த்தது. சில வருடங்களுக்கு முன்பு அங்கேதான் எங்கள் இணையச் செய்தித்தளம் இருந்தது. பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு கணினி, ஒரு காற்றாடி, நான், ஆசிரியர் மாறன் அண்ணன், அவ்வளவுதான். என் சட்டையெல்லாம் பொரித்த வாசம். பேட்டிக்குப் போனால், தம்பி எங்கே கடை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

மாறன் அண்ணன் நல்ல மனிதர். ஆனால் காலையில் வந்ததும் செய்தியைப் பார்க்க மாட்டார். ஜனங்கள் தேடல் பெட்டியில் எதைத் தட்டுகிறார்கள் என்றுதான் பார்ப்பார். "அவன் தேடறதத்தான் நாம எழுதணும் தம்பி, அவ்ளோதான்லா" என்பார். தேடலில் மேலே வந்தால்தான் விளம்பரம், விளம்பரம் வந்தால்தான் எங்களுக்குச் சம்பளம். அவரை நொந்து என்ன?

எங்கள் பக்கத்து ஜனங்கள் அதிகம் தேடியது விபத்தில் சிக்கிய வண்டியின் நம்பரைத்தான். யாராவது சாலையில் அடிபட்டுச் செத்துவிட்டால் அந்த நம்பரில் லாட்டரி கட்டுவது தோட்டத்திலும் டவுனிலும் பழகிப்போன ஒன்று. என் சித்தப்பா தன் மாமனார் சாவிலேயே சவ வண்டி நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அதே கையால் பாடையைப் பிடித்தவர்.

அப்படி ஒரு நாள்தான் புக்கிட் செலம்பாவிலிருந்து சரோஜா அக்கா படியேறி வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவர் கணவர் முனியாண்டி தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். முந்தின நாள் விடியலில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவரை ஒரு லோரி அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அக்கா அழவில்லை. வந்த காரியத்தைச் சொன்னார்.

"நீல லோரின்னு மட்டுந்தான் ஒருத்தர் சொன்னாராம் தம்பி. வேற யாராச்சும் பாத்திருப்பாங்க லா. என் போன் நம்பரப் போட்டு, கூப்பிடச் சொல்லி எழுதுங்க."

'நீல லோரியைப் பார்த்தீர்களா?' என்று தலைப்பு வைத்து எழுதினேன். மாறன் அண்ணன் படித்துவிட்டுத் தேடல் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"நீல லோரின்னு யாரு தம்பி தேடுவா?"

தலைப்பில் ஊர்ப்பெயரும் முனியாண்டியின் மோட்டார் நம்பரும் ஏறின. அதற்குக் கீழே அக்காவின் போன் நம்பர். நீல லோரி கடைசி வரிக்குப் போனது. உள்ளே வருகிறவன் கடைசிவரை படிப்பான் என்றார். நம்பித்தான் சொன்னார்.

வந்தார்கள், கூட்டமாக வந்தார்கள். மதியத்துக்குள் தேடலில் எங்கள் செய்திதான் முதலில் நின்றது. மற்ற தளங்கள் அதன் தலைப்பையும் போன் நம்பரையும் மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுக்கொண்டன. சாவு வீட்டுக்கு நான் போனபோது அக்காவின் போன் ஓயவே இல்லை. ஓர் அழைப்பை எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். மரியாதையான குரல்தான்.

"மன்னிச்சுக்குங்கக்கா. அண்ணனுக்கு வயசு எத்தன? வீட்டு நம்பர் என்னா?"

"நீங்க லோரியப் பாத்தீங்களா?"

"எந்த லோரிக்கா?"

மாறன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அன்றைக்கே தலைப்பை மாற்றினார். வெட்டி எடுத்தவர்களை என்ன செய்வது? அந்த வாரம் லாட்டரியில் அந்த நம்பர் விழவில்லை. அதன் பிறகும் அக்காவுக்கு அழைப்பு வந்தது, திட்டுவதற்கு. போன் நம்பரை மாற்றிவிடுங்கள் என்றேன். பார்த்தவர் கூப்பிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

மாடியில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிற கடை. தளம் மூடியதோடு எங்கள் செய்தியும் போனது. பீசாங் கோரெங் கையில் ஆற, அந்த மோட்டார் நம்பரைப் போனில் தட்டிப் பார்த்தேன். வெட்டி எடுத்தவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. எதிலும் நீல லோரி இல்லை.

தலைப்புக்குக் கீழே இருந்த அக்காவின் போன் நம்பரை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க. லோரியப் பாத்தீங்களா?"