கூரையில் தொங்கிய உடுப்புகள்

இலங்கையில் யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னபோது, மறுநாள் வகுப்பில் நான் செய்யவேண்டிய பேச்சைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஜெர்மனியின் பழைய நிலக்கரிச் சுரங்க நகரம் ஒன்றைப் பற்றியது. சுரங்கத்தை மூடிய பிறகும் அதை இடிக்கவிடாமல் ஊர்ச்சனம் எப்படிக் காப்பாற்றியது என்பதுதான் விஷயம்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். "கரியைப் பற்றிப் படிக்கவோ உன்னைக் கனடாவுக்குக் கொண்டு வந்தனான்?" என்று, பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை செய்யும் அப்பா பகிடி விடுவார். அன்று பகிடி இல்லை. வன்னியில் இருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, என்ன ஆனார் என்று தெரியவில்லை. போன் எடுத்தெடுத்து அம்மா களைத்துப்போயிருந்தா.

"நாளைக்குப் போகாதை. புரொபசர் விளங்கிக்கொள்ளுவார்தானே?" என்றார் அப்பா.

விளங்கிக்கொள்ளுவார். பிந்திச் செய்யலாம் என்று அவரே சொல்லியிருந்தார். நான் கணினியை மூடப்போக, அம்மா திரையை எட்டிப் பார்த்தா.

"உதென்ன, கூரையில உடுப்புக் காயப்போட்டிருக்கு?"

"சுரங்கக்காரர் உடுப்பு மாத்துற இடம் அம்மா. கீழ இறங்க முன்னம் வீட்டு உடுப்பைக் கொழுவி, சங்கிலியால மேல இழுத்து விடுவினம். வேலை முடிஞ்சு வந்து இறக்குவினம்."

"அப்ப எல்லாரும் போனாப் பிறகும் மேல ஒரு சேட்டுக் கிடந்தா?"

"அந்த ஆள் இன்னும் கீழதான்."

"தேடுவினமோ?"

"ஓம் அம்மா. தேடி இறங்குவினம்."

அம்மா திரும்பவும் போனைக் கையில் எடுத்தா.

நான் எழுதி வைத்திருந்த பேச்சில் சுரங்கக் கோபுரம் இருந்தது, செங்கல் கட்டடம் இருந்தது, ஆட்களைக் கீழே இறக்கி ஏற்றும் பெரிய சில்லு இருந்தது. கீழே போன மனிதரைக் காணவில்லை. கணினியை மூடாமல் முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

காலையில் நான் சப்பாத்துப் போடும்போது அப்பா கேட்டார்: "போறியோ?"

"போறன் அப்பா."

"சாப்பிட்டிட்டுப் போ."

மாமாவைப் பற்றி அதுவரை ஒரு தகவலும் இல்லை. வகுப்பில் அந்த உடுப்புகளின் படம் வந்ததும் ஒரே வரியை மூன்று தரம் வாசித்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று பேராசிரியர் மெல்லச் சொன்னார்.

இல்லை, இன்றைக்கே முடிக்கிறேன் என்றேன். ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். வேலை முடிந்த பிறகும் மேலே கிடக்கும் சேட்டுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தொடங்கினேன்.