ஜீப்பின் பின்னால் மூன்று சத்தம்

எங்கள் ஜீப்பில் பாட்டுப் பெட்டி கிடையாது. அதனால் அது போடுகிற சத்தமெல்லாம் அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கும் மனப்பாடம். இரண்டாவது கியரில் லேசாக முனகும், பிரேக் பிடித்தால் ஒருமுறை தும்மும், மழைக்காலத்தில் இடது கதவு தானாகப் பேசும். ஏதோ ஓர் அரசு அலுவலகம் ஏலம் விட்டபோது அப்பா எடுத்த வண்டி அது. நான் ஓட்டப் பழகியதும் அதில்தான். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் உட்கார்ந்து, துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு "கலர் சரியாக வந்துவிட்டது, நம்புங்கள்" என்று நாளெல்லாம் மெயில் எழுதுகிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் ஸ்பானர் இல்லாவிட்டால் வாழ்க்கை சப்பென்று இருக்கும்.

மழை முடிந்த கையோடு, சேற்றில் போவதற்கென்றே செய்த முரட்டு டயர்கள் நான்கை வாங்கி மாட்டினேன். சில வாரங்களில் வண்டியின் பின்பக்கத்திலிருந்து யாரும் அழைக்காத சத்தங்கள் வர ஆரம்பித்தன. வேகம் கூடினால் ஒரு நீள ஊளை. கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் ஒரு 'டொக்'. இந்த இரண்டுக்கும் நடுவே, யாரோ ஈரத் துண்டால் தரையில் அடிப்பதுபோல ஒரு 'தப் தப் தப்'.

அப்பா ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கிரவுன் போச்சு. பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலின் நடுவில் பூசணிக்காய்போல ஓர் இரும்புக் குடுக்கை உப்பிக்கொண்டிருக்கும். என்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடுகிற பெரிய பல்சக்கரம் அதற்குள்தான் இருக்கிறது. அதுதான் கிரவுன். அது போனால் இந்த வயது வண்டிக்கு வைத்தியம் பார்ப்பதில் அர்த்தமில்லை என்பது அப்பாவின் சித்தாந்தம். கொமரலிங்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அவருடைய பள்ளிக்கூட நண்பர் ஒருவர், தோப்புக்குள் தேங்காய் இழுக்க இந்த ஜீப்பைப் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தோப்புக்குள் ஊர்ந்து போக கிரவுன் எப்படி இருந்தால் என்ன.

அடுத்த மாதம் கொமரலிங்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில் நோம்பி, அதாவது திருவிழா. சோற்றை எனக்குப் பரிமாறிக்கொண்டே அப்பா சொன்னார்.

"நோம்பிக்கு அதுலயே போறோம். வர்றப்ப பஸ்ஸுல வந்துக்கலாம்."

சொல்லிவிட்டு ரசத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான், வண்டியின் கதை முடிந்தது. கிரவுன் போகவில்லை என்று நான் காட்டினால் வண்டி எங்களோடு திரும்பி வரும். காட்டாவிட்டால் தேங்காய் இழுக்கும்.

திருப்பூர் ராயபுரத்தில் நாங்கள் வழக்கமாக விடும் மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனியில் சேரலாம் என்று இந்த ஊருக்கு வந்து, முதல் வாரமே கம்பெனி வேன் ஒன்றை ரிப்பேர் பார்த்துக் கொடுத்து, அதோடு தொழிலை மாற்றிக்கொண்டவர். கூட உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். இறங்கி, கீழே குனிந்து, குடுக்கையின் கழுத்தில் விரலை வைத்து எடுத்துக் காட்டினார். விரலில் ஆயில்.

"எம்மா, கேட்டா கிரவுன் மாதிரிதான் கேக்கு. ஆயிலும் கசியுது. தொறந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா தொறந்தா உங்க நோம்பிக்குள்ள மூட முடியாது, பாத்துக்கோங்க."

பொய் சொல்லாத மனிதர். அவர் பட்டறையில் அன்று திறந்து மூடாமல் நின்றிருந்த வண்டிகளைப் பார்த்தாலே தெரிந்தது. அப்பாவிடம் போய் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "கேட்டா கிரவுன் மாதிரி" வரைக்கும்தான் அப்பாவின் காதில் ஏறியது.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். சத்தத்தைப் பதிவுசெய்து அதில் போட்டேன். பேரிங் என்றார் ஒருவர். ஷாஃப்ட் வளைந்திருக்கிறது என்றார் இன்னொருவர். விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று மூன்றாமவர். நான்காமவர், வண்டி என்ன விலை சொல்கிறீர்கள் என்று தனியாகச் செய்தி அனுப்பினார். கடுப்பில் ஃபோனைக் கவிழ்த்து வைத்தபோதுதான் ஒன்று உறைத்தது. எல்லோரும் மூன்று சத்தத்தையும் ஒரே நோயாகப் பார்க்கிறார்கள். சளியும் மூட்டுவலியும் ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் வரக்கூடாதா என்ன?

ஓட்டுகிற ஆளுக்குப் பின் சத்தம் சரியாகக் கேட்காது. பின்னால் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். அப்பா வரமாட்டார். திரும்பும்போது உழவர் சந்தைக்குப் போகலாம் என்று ஆசை காட்டி அம்மாவை ஏற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனிகள் இருக்கும் சாலைகள் காலியாக இருக்கும். வாரம் முழுக்க துணி ரோல் ஏற்றிய வண்டிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் அன்று நாங்களும் நாலு நாய்களும்தான்.

அம்மா பின்னால் பக்கவாட்டு சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபது வருடம், அப்பா நடத்தும் எங்கள் சொந்த பனியன் யூனிட்டில் செக்கிங் பார்த்தவர். துணியில் ஓட்டையைத் தேடுகிற அதே முகத்தை வைத்துக்கொண்டார்.

"டொக்கு இடது பக்கம் கேக்குது கண்ணு."

வலது பக்கம் மாறி உட்காரச் சொல்லி, மறுபடி கிளப்பினேன்.

"இப்ப வலது பக்கம் கேக்குது."

அதாவது, அம்மா எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கம். சிரித்து முடித்துவிட்டு, வண்டியை ஓரம் கட்டி கீழே புகுந்து பார்த்தேன். ஆக்ஸிலையும் ஸ்பிரிங் பட்டைகளையும் சேர்த்துக் கட்டிப்பிடிக்கிற யூ போல்ட்டுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஸ்பானரை வைத்ததும் நட்டுகள் வெட்கமில்லாமல் சுற்றின. இரண்டு பக்கமும் தளர்ந்திருந்தால் அம்மா சொன்னது இரண்டும் சரிதானே. இறுக்கினேன். மறுபடி கிளப்பினேன். டொக் போய்விட்டது. அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமை.

அடுத்தது ஊளை. இதுதான் அப்பாவின் முக்கிய சாட்சி. பல்சக்கரம் அழுதால் அதற்கு ஒரு குணம் உண்டு. ஆக்சிலேட்டரை அழுத்தி பாரம் கொடுத்தால் ஒரு மாதிரி அழும், காலை எடுத்தால் வேறு மாதிரி அழும், சில சமயம் வாயையே மூடிக்கொள்ளும். நேரான சாலையில் வேகம் எடுத்தேன். ஊளை வந்தது. காலை எடுத்தேன், அதே ஊளை. கியரை நியூட்ரலில் போட்டு வண்டியைத் தானாக உருள விட்டேன். அதே ஊளை, வேகம் குறையக் குறைய மெல்ல இறங்கியது. இப்படியே தார் முடிந்து கம்பெனிகளுக்கு நடுவே போகும் சிமெண்ட் ரோட்டில் ஏறினோம். சட்டென்று ஊளையின் சுருதி மாறியது. பின்னாலிருந்து அம்மா என் தோளைத் தட்டினார்.

"ரோடு மாறுச்சு, சத்தமும் மாறிருச்சே?"

கிரவுனுக்கு ரோடு தெரியாது. ரோட்டைத் தொடுவது டயர் மட்டும்தான். நான் ஆசை ஆசையாக வாங்கிய முரட்டு டயரின் கட்டைகள்தான் ரோட்டில் தேய்ந்து பாடிக்கொண்டிருந்தன. சந்தைக்குப் போய் அம்மா கேட்ட கீரை, கேட்காத கீரை எல்லாம் வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா நம்பவில்லை. ரப்பர் எங்கேயாவது ஊளையிடுமா என்று கேட்டார். கிரவுன் போகவில்லை என்றால் ஆயில் எதற்குக் கசிகிறது என்று அடுத்த கேள்வி. 'தப் தப்' வேறு அப்படியே இருந்தது. அப்பா தோப்புக்காரருக்கு ஃபோன் போட்டு, நோம்பியன்று வண்டியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று என் காதில் விழும்படியே பேசினார்.

அடுத்த ஞாயிறு, முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பாயை விரித்து அடியில் படுத்தேன். என்ஜினிலிருந்து பின்னால் வருகிற நீளமான ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றினேன். கிரவுனுக்குள் பல் நொறுங்கியிருந்தால் கையிலேயே ஒரு தடங்கல் தெரியும். எதுவும் தெரியவில்லை. வெண்ணெய்போலச் சுற்றியது. ஆனால் ஷாஃப்ட் குடுக்கைக்குள் நுழைகிற கழுத்தில், கருப்பாக, எலி கட்டிய கூடுபோல ஒன்று பருத்திருந்தது. சேறு என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரால் கிளறினேன். சேறு உதிர்ந்தது. அதற்குள் ஆயில் குடித்த ஒரு கயிறு. நுனியைப் பிடித்து இழுத்தேன். நீண்டது. விட்டேன், சுருங்கியது.

இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிற பொருளை இந்த ஊரில் யாரும் இரண்டு தடவை பார்க்க வேண்டியதில்லை. பனியன் துணி. ஓரம் வெட்டிய மெல்லிய பனியன் துணிக்கு ஒரு பழக்கம் உண்டு, விட்டால் தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். அது எப்படி கிரவுனின் கழுத்துக்கு வந்தது? வெளியே வந்து, பின் சீட்டுக்கு அடியில் மிதியடியைத் தூக்கினேன். துருப்பிடித்த அடித்தட்டில் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு மேலே, சீட்டுப் பெட்டிக்கும் பின் கதவுக்கும் நடுவே, துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் பந்து பந்தாக அடைத்து வைத்திருந்தது.

எங்கள் ஊரில் எந்த ஆட்டத்துக்கும் ஒரே மருந்துதான். ஜன்னல் ஆடினால் பனியன் வேஸ்ட். கட்டில் கிரீச்சிட்டால் பனியன் வேஸ்ட். பீரோ சாய்ந்தால், மிக்ஸி அதிர்ந்தால், கதவு காற்றில் அடித்தால் எல்லாவற்றுக்கும் கம்பெனியிலிருந்து ஒரு கைப்பிடி வேஸ்ட் வரும். ஜீப்பின் பின் கதவு மழையில் கடகடத்தபோதும் யாரோ அதே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு துண்டு ஓட்டை வழியாக இறங்கி, சுற்றுகிற ஷாஃப்டில் மாட்டி, ராட்டை நூல்போலச் சுற்றிக்கொண்டே போய் கழுத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆயில் வெளியே வராமல் தடுக்கிற சீல் என்ற ரப்பர் வளையத்தை அதுதான் அரித்திருக்கிறது. சுற்றாமல் மிஞ்சிய வால் தட்டில் பட்டு, தப் தப் தப்.

அடியில் படுத்துக்கொண்டே பிரித்துப் பிரித்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. அம்மா வெளியிலிருந்து நுனியைப் பிடித்து கொடிக் கயிற்றைச் சுருட்டுவதுபோல முழங்கையில் சுற்றினார். உள்ளே போகப் போக ஆயில் படாத இடம் வந்தது. பளிச்சென்று கடுகுப்பூ மஞ்சள்.

அப்பா அந்த நேரம் பார்த்து டீ டம்ளரோடு வெளியே வந்தார். மஞ்சளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கலர் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அவர் இரண்டு வாரம் புலம்பிய ஆர்டர் அது. எங்கள் யூனிட்டைத் தவிர இந்த மஞ்சள் திருப்பூரில் வேறு யாரிடமும் இல்லை. அதன் கட்டிங் வேஸ்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவரேதான்.

அம்மா முழங்கைச் சுற்றை அப்படியே தூக்கிக் காட்டினார்.

"ஏனுங்க, உங்க கிரவுனு வந்துட்டுதுங்க. எந்தப் பக்கம் வெக்கட்டும்?"

சொல்லிவிட்டு சிரிப்பு தாங்காமல் ஜாக்கிப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா டீயை ஒரு வாய் குடித்தார். இந்தக் கலரைத் திருப்பி அனுப்பினவனுக்குக் கண்ணே இல்லை, ஆயிலில் ஊறியும் சாயம் போகவில்லை பாருங்கள் என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சீல் மாற்றுகிற வேலைக்குக் குடுக்கையைத் திறக்க வேண்டியதில்லை. மெக்கானிக் மத்தியானத்துக்குள் முடித்து, புது ஆயில் ஊற்றி, ஓட்டைக்கு ஒரு தகரமும் அடித்துக் கொடுத்தார். மஞ்சள் கயிற்றைத் தன் பட்டறைக்குக் கேட்டார். கை துடைக்கவா என்றேன். இல்லை, இனி யாராவது பின்னால் சத்தம் என்று வந்தால் முதலில் இதைக் காட்டி, "வீட்டுல பனியன் கம்பெனி இருக்கா?" என்று கேட்கப்போகிறேன் என்றார்.

நோம்பிக்கு ஜீப்பில்தான் போனோம். தேங்காய், வாழைப்பழம், பொங்கல் பானை, அம்மாவின் இரண்டு கூடைகள். தார் ரோடு முழுக்க டயர்கள் ஊளையிட்டுக்கொண்டே வந்தன. அப்பா முன் சீட்டில் அதைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் ஃபோனை எடுத்துத் தோப்புக்காரரிடம் வேண்டாம் என்று சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அமராவதி வாய்க்காலைத் தாண்டி, கோயிலுக்குப் போகும் மண் தடத்தில் திரும்பினேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. நாலு டயரும் மெத்தென்று மண்ணில் இறங்கின. ஊளை நின்றுவிட்டது. நெல் வயலுக்கு நடுவே வண்டி கப்பல் மாதிரி போனது. அப்பா தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார், சத்தம் எங்கே இறங்கிப் போயிற்று என்று தேடுவதுபோல.

கோயில் வேப்பமரத்தடியில் தோப்புக்காரர் காத்திருந்தார். வண்டியை ஒரு சுற்று வந்தார், டயரை உதைத்தார், பின்னால் குனிந்தார்.

"சத்தம் வருதுன்னியே மாப்ள, எங்க?"

அப்பா பானையை இறக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"டயர் சத்தம்ப்பா. தார்ல மட்டுந்தான் வரும். பாப்பா கண்டுபுடிச்சுது. வண்டி நல்லாத்தான் இருக்குது, குடுக்கறாப்புல இல்ல."

தோப்புக்காரர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சாயங்காலம் இரண்டு குலை இளநீரை அவரே பின்னால் ஏற்றிவிட்டார். மண் தடம் தாண்டித் தார் ரோட்டில் ஏறியதும் டயர்கள் ஊளையைத் தொடங்கின. அதன் மேல் புதிதாக ஒரு 'கடகட'. இளநீர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. அப்பாவின் கை தன்னையறியாமல் பனியன் வேஸ்ட்டைத் தேடி சீட்டுக்கு அடியில் துழாவியது. அம்மா பின்னாலிருந்து எட்டி அந்தக் கையில் ஒரு தட்டு தட்டி, தன் கூடையிலிருந்து பெட்ஷீட்டை எடுத்து இளநீர்களுக்கு நடுவே திணித்தார்.