கம்பிவலை போட்ட லாரி

அப்பா இறந்துபோன பிறகு பீர்மேட்டு எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து நான் கேட்டு வாங்கி வந்தது ஒன்றே ஒன்றுதான்: சின்ன வயதில் அவர் வைத்து விளையாடிய தகர லாரி. நான் வேலை பார்க்கும் கஞ்சிக்கோட்டில், வாடகை அறையில் அதை மேசைமேல் வைத்ததும் எனக்கு ஒரே பரபரப்பு. யார் செய்தது, எந்த ஊர், என்ன வண்டி? தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றி அப்பா பேசியதே இல்லை. இந்த லாரியாவது ஏதாவது சொல்லாதா?

பழைய பொம்மை சேர்ப்பவர்களின் வாட்சப் குழுவில் படங்களைப் போட்டேன். ராணுவ லாரி என்றார் ஒருவர். மரம் ஏற்றுவது என்றார் இன்னொருவர். ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு: பின்பெட்டியைச் சுற்றியிருக்கும் துருப்பிடித்த கம்பிவலை பிற்பாடு யாரோ மாட்டியது.

"கோழிக்கூடு மாதிரி ஆக்கி வெச்சிருக்காங்க. பிச்சு எறிங்க, அடியில கம்பெனி முத்திரை இருக்கும்."

வலையின் ஓரங்கள் அடித்தகட்டில் மடித்து அறையப்பட்டிருந்தன. குறடு வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பேச ஆளில்லை. நெம்புவதற்கு முன் பீர்மேட்டுக்கு, அப்பாவின் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அத்தே, அப்பா லாரில இருக்கற வலைய எடுக்கப் போறேன்."

"ஏட்டி, கைய வச்சே, தெரியும் சேதி! பாக்டரில கிழிஞ்சு கெடந்த தேயிலச் சல்லடைய வெட்டி ஒங்க தாத்தா கட்டுனதுல்லா. அது கொழுந்து லாரிட்டி. பச்சக் கொழுந்துக்குக் காத்து வேணும், மூடுனா வெந்து போவும். அதான் எஸ்டேட் லாரிக்குச் சுத்தி வல."

"வாங்குனப்ப என்ன லாரி?"

"யாரு கண்டா? வல இல்லன்னு ஒங்கப்பன் தொடவே மாட்டேன்னுட்டான். பெரிய தொர!" சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போயிரும், நான் பள்ளிக்கூடம் போயிருவேன். அவன் மட்டும் லயத்துல. கொழுந்த எட போட்டு லாரில ஏத்துனாத்தான பொம்பளையாளுக வீட்டுக்கு வருவாக? இவன் காலைலயே வாசல்ல அத ஓட்ட ஆரம்பிச்சிருவான். 'லாரி போயிருச்சு, அம்மா வந்துரும்'னு அவனே சொல்லிக்குவான்."

குறடைக் கீழே வைத்தேன். குழுவில் எழுதினேன்: கொழுந்து லாரி, பீர்மேடு.

"கம்பெனி பேரு?" என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றேன். அதற்குள் யாரோ ஒரு பஸ் படம் போட, எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

அப்பாவிடம் கேட்க எனக்கு இப்போதுதான் ஒரு கேள்வி கிடைத்தது. மழையில் நிஜ லாரி தாமதித்து, அம்மா வர இருட்டிப்போன நாட்களில், அந்த வாசலில் என்னப்பா சொல்லிக்கொண்டீர்கள்?