அப்பா சுட்ட குண்டு

தமிழ் பேசும் கௌபாய் படங்கள்தான் என்னைக் கெடுத்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பு வயிற்றில் இறங்கிக் கண் சொக்கும் நேரத்தில், ஏதாவது ஒரு சேனலில் ஒரு ஷெரீப் குதிரையை விட்டு இறங்குவார். நெஞ்சில் நட்சத்திரம். எதிரே ஊரையே சூறையாடிய கொள்ளைக்காரன். நடுவே புழுதி. இருவரும் கண்ணைச் சுருக்கி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். நானும் கண்ணைச் சுருக்கிப் பழகினேன். வேலை பார்க்கும் உரக்கடையில் ஒருநாள் அப்படி நின்றபோது, யூரியா வாங்க வந்தவர் இரண்டடி பின்வாங்கி, "மெட்ராஸ் ஐ வந்துகிச்சா தம்பி? கிட்ட வராத" என்றார்.

அந்தப் படங்களில் என்னை அசத்தியது அவர்களுடைய ஞாபகசக்தி. ஷெரீப் அந்த ஒருவனை மறக்கவே மாட்டார். பனியிலும் பாலைவனத்திலும் அவனையே தேடி அலைவார். அவனும் எந்நேரமும் இவரையே நினைத்துக்கொண்டிருப்பான். எந்தக் காதல் படத்திலும் இரண்டு பேர் ஒருவரையொருவர் அவ்வளவு நினைத்து நான் பார்த்ததில்லை.

நியாயமாகப் பார்த்தால் எங்கள் வீட்டிலேயே ஒரு ஷெரீப் இருந்தார். அப்பா மதுவிலக்குப் பிரிவில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சாராய ஊறலைத் தேடிக் கல்வராயன் மலையில் அவர் ஏறி இறங்காத ஓடை கிடையாது. ஆனால் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் படத்தை நாசம் செய்துவிடுவார்.

"இத்தினி குண்டு சுட்டானே, யாருக்குடா கணக்கு குடுப்பான்? எங்க ஸ்டேஷன்ல ஒண்ணு கொறஞ்சாலே மெமோ."

"சும்மா பாருங்கப்பா."

"பொணத்த நடுரோட்டுல வுட்டுட்டு குதிரை ஏறிப் போறான் பாரு. இன்க்வெஸ்ட் ரிப்போர்ட் எவன் எழுதுறது?"

அவர் பொய் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி குடிக்குமுன் "காபி எப்படி இருக்கும்?" என்று கேட்டால்கூட உண்மையைச் சொல்லிவிடுவார். போட்டது அம்மா.

இந்த நிலையில்தான் எனக்குக் காதல் வந்தது. காய்ச்சலென்று ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில், ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்த இந்தக் கௌபாயைத் தண்ணீர் தெளித்து எழுப்பினாள் அங்கே வேலை பார்த்த ஒரு பெண். அவளுக்குக் கச்சிராயபாளையம் பக்கம் மலையடிவாரத்து ஊர். பழகி, பேசி, வீட்டில் சொல்லலாம் என்ற கட்டம் வந்தபோது அவள் சொன்னாள்: "எங்கப்பா ஒரு காலத்துல மலையில சாராயம் காச்சிக்கினு இருந்தாரு. அவரைப் புடிச்சது யாரு தெரியுமா? உங்கப்பா."

பிறகு அவள் அப்பா சொல்லும் கதையை அப்படியே சொன்னாள். கரியாலூருக்கு மேலே, பொழுது விடியும் நேரம். ஏட்டய்யா ஒண்டியாக வருகிறார். இவர் ஓடுகிறார், செருப்புகூட இல்லாமல். ஓடையை ஒரே தாவில் தாண்டுகிறார். ஏட்டய்யா இரண்டு ரவுண்டு சுடுகிறார். ஒரு குண்டு காதை உரசிப் போகிறது. கடைசியில் பாறை விளிம்பில், மேலே போக வழியில்லாமல் இவர் திரும்பி நிற்க, ஏட்டய்யா துப்பாக்கியை இறக்கிக்கொண்டு சொல்கிறார்: "உன்ன மாதிரி ஓடுறவன நான் பாத்ததே இல்லடா."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சேனல் சேனலாக நான் தேடிய படம் எங்கள் வீட்டில் லுங்கி கட்டிக்கொண்டு தினத்தாள் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் காலை அப்பாவிடம் அவள் அப்பாவின் பேரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன்.

"ஞாபகம் இல்ல."

"நீங்க தொரத்தி, ரெண்டு ரவுண்டு..."

"நான் எவனையும் தொரத்துனதில்ல. மலையில ஓடுனா முட்டி பூடும். ஊறலக் கொட்டுவோம், பானைய ஒடைப்போம், இருக்கிற ஆளக் கூட்டிக்கினு வருவோம். அவ்ளோதான்."

"அவரு வந்து கேட்டாருன்னா?"

"ஞாபகம் இல்லன்னு சொல்வேன். இன்னாடா, பொய் சொல்லச் சொல்றியா?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். "சாராயம் காச்சுன வூட்டுல பொண்ணா? கருணாபுரத்துல விஷச் சாராயம் குடிச்சிச் செத்தவங்க வூட்டு அழுகை இன்னும் என் காதுல கேட்டுக்கினு இருக்குது." அவள் அப்பா அதையெல்லாம் விட்டு எத்தனையோ வருஷமாகிறது, இப்போது மரவள்ளிதான் போடுகிறார் என்றேன். அம்மா யோசித்துவிட்டு, "அந்த மனுஷன் நல்லவருன்னு உங்கப்பா வாயால சொல்லட்டும். நான் வேணாங்கல" என்றார்.

அவளோ போனில் வேறு ஒன்று சொன்னாள். "எங்கப்பாவ யாருன்னு தெரியலன்னு மட்டும் உங்கப்பா சொல்லிடக் கூடாது. அதுக்கப்புறம் ஊர்ல எங்கப்பா தல நிமிர மாட்டாரு. கல்யாணத்தப் பத்தி யாரும் வாய் தொறக்க முடியாது."

ஆக, என் கல்யாணம் ஒரு மனிதரின் ஞாபகத்தில் தொங்கியது. அந்த ஞாபகம் அவரிடம் இல்லை.

பெண் பார்க்கப் போனோம். வாடகைக் காரில் முன்சீட்டில் அப்பா, பின்னால் அம்மாவும் நானும். கோமுகி அணை தாண்டும்போது, "எதுவும் பேசாம இருந்தாலே போதும்பா" என்று கெஞ்சினேன். அப்பா கண்ணாடியை இறக்கி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அவள் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். புது வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. அப்பா காரை விட்டு இறங்கினார். நடுவே புழுதி. சத்தியமாகச் சொல்கிறேன், காற்றுகூட அடித்தது. இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். அவர் கை இடுப்புக்குப் போனது, சுருக்குப்பையை எடுத்தார். அப்பா கை சட்டைப்பைக்குப் போனது. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வாங்க ஏட்டய்யா" என்றார் அவர்.

உள்ளே அக்கம்பக்கத்து சனம் ஏற்கெனவே பாயில் உட்கார்ந்திருந்தது. பெண்ணைப் பார்க்க வந்த கூட்டமாகத் தெரியவில்லை. கேசரி வருவதற்குள் அவர் கதையை ஆரம்பித்துவிட்டார். ஓடை வந்தது. தாவல் வந்தது. இரண்டு ரவுண்டு வந்தது. பாறை விளிம்பு வந்தபோது நிறுத்தி அப்பா பக்கம் திரும்பினார். "மீதிய ஏட்டய்யாவே சொல்லட்டும்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "நீங்க சொன்னதுல ஒண்ணு தப்பு."

அவள் அப்பா முகத்தில் ரத்தம் இல்லை. மலையில் ஏதாவது சாமி காலியாக இருந்தால் கும்பிடத் தயாராக இருந்தேன்.

"ரெண்டு ரவுண்டுன்னு சொன்னீங்க. ஒண்ணுதான். அதுவும் வானத்தப் பாத்து."

அவள் அப்பா தொடையைத் தட்டினார். "பாத்தீங்களாய்யா! எனக்குக் காது அடைச்சிப் போச்சு, அதான் ரெண்டுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஏட்டய்யா சொன்னா சரியா இருக்கும்!" பாயில் இருந்த சனமெல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. அடுப்படியில், அவள் அம்மா நின்ற பக்கமிருந்து, ஏதோ டம்ளர் உருளும் சத்தம் கேட்டது.

எங்களைத் தனியாகப் பேசச் சொல்லிக் கொல்லைக்கு அனுப்பினார்கள். மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே நின்று அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா சிரிப்பு?"

"எங்கப்பா ஓடவே இல்லங்க. பானை பக்கத்துல தூங்கிக்கினு இருந்தாரு. தட்டி எழுப்பிக் கூட்டிக்கினு போயிருக்காங்க. அம்மாதான் சொன்னாங்க."

"அப்புறம் எதுக்கு இந்தக் கத?"

சிரிப்பு மெல்ல அடங்கியது. "நான் சின்னப் புள்ளையா இருக்கச்சொல்ல பள்ளிக்கூடத்துல சாராயக்காரன் பொண்ணுன்னு கூப்புடுவாங்க. அழுதுக்கினே வூட்டுக்கு வந்தேன். அன்னிக்குதான் மொத மொத சொன்னாரு. மறுநாள் போயி நான் எல்லாருக்கும் சொன்னேன். அதுக்கப்புறம் என்னைச் சுத்தி உக்காந்து கத கேட்டாங்களே ஒழிய, ஒருத்தரும் அப்படிக் கூப்புடல."

"அதுல எங்கப்பா எப்படி வந்தாரு?"

"கோர்ட்டுக்குக் கூட்டிக்கினு போன அன்னிக்கு ஒரு ஏட்டு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தாராம். பேரு சட்டையில இருந்துச்சாம்."

அந்தப் படங்களில் புழுதியில் நிற்கும் ஒவ்வொரு கொள்ளைக்காரனுக்கும் எங்கோ அழுதுகொண்டு வீடு திரும்பிய ஒரு மகள் இருந்திருப்பாளோ என்று எனக்குத் தோன்றியது.

திரும்பி வரும்போது அம்மா பின்சீட்டிலிருந்து எட்டி அப்பாவின் தோளைத் தட்டினார். "இத்தினி வருசம் குடும்பம் நடத்துறேன், துப்பாக்கி சுட்டத என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க!"

"எனக்கு எவன் துப்பாக்கி குடுத்தான்? லத்திதான் குடுத்தாங்க."

"அப்பா, அப்ப எதுக்கு ஒரு ரவுண்டுன்னு...?"

"எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்ற சாட்சிய எவனும் நம்ப மாட்டான்டா. ஒரு எடத்துல இல்லன்னு சொல்லணும்." சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

"ஏம்பா, புடிச்சிக்கினு வர ஆளுங்களுக்கு டீ வாங்கித் தருவீங்களா?"

"சாயங்காலம் வரைக்கும் கோர்ட்டுல உக்கார வெச்சிருப்பாங்க. பசிக்காதா? எல்லாருக்கும்தான் வாங்குவேன். இப்ப எதுக்கு அது?"

"சும்மா கேட்டேன்" என்றேன்.

அம்மா மட்டும் விடவில்லை. "சரி, சொல்லுங்க. ஆளு எப்படி?"

"நல்லவரு" என்றார் அப்பா.

"ஞாபகமே இல்லன்னீங்க?"

"இன்னிக்குப் பாத்தேன் இல்ல."